எஸ்தருக்கு எழுதப்பட்ட பெயர்கள்

1

2012 பிப்ரவரியில் எங்கள் மகள் எஸ்தரின் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நியூ ஜெர்சியில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் தபால் பெட்டிகள் வாசலில் இல்லை. தெருமுனையில் வரிசையாக நிற்கும். பனியில் நடந்துபோய் எடுத்துவந்த செல்வி, கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றபடியே படித்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"மறுபடியும் டெஸ்ட் பண்ணப் போறாங்களாம்" என்றாள்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். எஸ்தருக்குப் பதினோரு வயது. ஆட்டிசம் என்கிறார்களே, அந்த வகைப் பிள்ளை. இங்கே அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே பேச்சுப் பயிற்சி தருகிறது. வகுப்பில் பக்கத்தில் உட்கார ஓர் உதவியாளரைப் போடுகிறது. காலையில் சின்ன வேன் வீட்டுக்கே வருகிறது. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை, இதெல்லாம் இந்தப் பிள்ளைக்கு இன்னும் தேவைதானா என்று பார்ப்பார்கள். அது வழக்கம்தான்.

ஆனால் இந்தத் தடவை வழக்கமாக இல்லை. எந்தக் குறைபாடு என்றால் என்ன என்று மருத்துவர்கள் பார்த்துக்கொள்ளும் தடித்த கையேடு ஒன்று இருக்கிறது. அதன் அடுத்த பதிப்பில் ஆட்டிசத்துக்கான வரையறையையே மாற்றப் போகிறார்கள் என்று ஜனவரியிலிருந்து பத்திரிகைகளில் பேச்சு. இதுவரை தனித்தனிப் பெயர்களில் இருந்தவற்றை ஒன்றாக்குகிறார்கள். அப்படி ஒன்றாக்கும்போது சில பிள்ளைகள் வெளியே விழுந்துவிடுவார்கள் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். யாரும் விழமாட்டார்கள் என்கிறார்கள் இன்னொரு சாரார். எஸ்தருக்கு இங்கே எழுதியிருந்த பெயர் நீளமானது. தமிழில் சொன்னால், 'வேறெந்த வகையிலும் சேராதது' என்று வரும். விழுவதாக இருந்தால் முதலில் விழப்போவது அந்த வகைதான் என்று நாங்கள் படித்த எல்லாவற்றிலும் இருந்தது.

எஸ்தர் அப்போது கூடத்தில் உட்கார்ந்து தண்ணீர்க் குழாய் விளம்பரப் புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். நான் குழாய் வரைபடம் போடும் வேலையில் இருப்பதால் அந்தப் புத்தகங்கள் வீட்டில் கிடக்கும். அவளுக்கு அதைவிடப் பிடித்த புத்தகம் இல்லை.

2

எங்களுக்குப் பெயர் மாறுவது புதிதல்ல.

2004-இல் நாங்கள் சிதம்பரத்தில் இருந்தோம். நான் மங்கலம்பேட்டைக்காரன். ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் வரைபடம் சொல்லிக்கொடுக்கும் வேலை. செல்விக்குக் கடலூர் பழைய நகரம், ஊர்க்காரர்கள் ஓ.டி. என்பார்கள். எஸ்தருக்கு மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். எதிர்வீட்டுக் குழந்தைகள் விளையாட வந்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறும் நேரத்தில் மட்டும் சுவரில் காதை வைத்துக்கொண்டு, மோட்டார் நிற்கும்வரை சிரித்துக்கொண்டிருப்பாள். ஆனால் கிரைண்டர் ஓடினால் துடித்துப்போவாள். ஒரு சத்தம் எப்படிச் சிரிப்பாகவும் இன்னொரு சத்தம் எப்படி வலியாகவும் இருக்கிறது என்று எங்களுக்குப் புரியவில்லை.

அவள் பேசிய முதல் வாக்கியம் பஸ் கண்டக்டருடையது. மாமியார் வீட்டுக்கு மாதம் ஒரு தடவை பஸ்ஸில் போவோம். ஒருநாள் செல்வியின் இடுப்பிலிருந்து கீழே இறங்க வேண்டும் என்று நெளிந்தவள், கண்டக்டரின் குரலிலேயே, "ஓ.டி.லாம் எறங்கு" என்றாள். அன்று வீட்டில் எல்லோருக்கும் கேசரி. பிறகுதான் தெரிந்தது, அவளிடம் சொந்த வாக்கியம் ஒன்றுகூட இல்லை. பசித்தால் "உள்ள போ உள்ள போ". தூக்கம் வந்தால் "வடலூர் டிக்கெட்லாம் முன்னாடி வா". எந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று செல்வி ஒரு பள்ளி நோட்டில் எழுதிவைத்துக்கொண்டாள்.

சிதம்பரத்துக் குழந்தை மருத்துவர், சில பிள்ளைகள் தாமதமாகப் பேசும் என்றார். ஒரு வருடம் பொறுத்தோம். பிறகு புதுச்சேரியில் ஒரு மருத்துவர் அரை நாள் அவளோடு தரையில் உட்கார்ந்திருந்துவிட்டு, சீட்டில் ஆட்டிசம் என்று எழுதினார். நாங்கள் இருவரும் அந்த வார்த்தையைக் கேட்டதே இல்லை. செல்வி அதைத் தமிழில் எழுதித் தரச் சொன்னாள். அவர் சிரிக்காமல், நிதானமாக எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது அதை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தோம்.

3

புதுச்சேரியில் ஓர் அறக்கட்டளை நடத்திய பயிற்சி நிலையத்தில் எஸ்தரைச் சேர்த்துக்கொண்டார்கள். வாரம் மூன்று நாள். ஆறு மாதத்திலேயே அவளாக ஒரு வாக்கியம் சொன்னாள். "அம்மா, தண்ணி" என்று இரண்டே வார்த்தை. ஆனால் அது எந்தக் கண்டக்டரும் சொன்னதல்ல.

அப்போதுதான் நிலையத்தில், அரசாங்கச் சான்றிதழ் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் அடுத்த வருடம் இடம், அது அவர்களுடைய விதி என்றார்கள். வருத்தத்தோடுதான் சொன்னார்கள். சான்றிதழ் வாங்க மூன்று மாத அவகாசம் கொடுத்தார்கள். இது 2006-இல்.

செல்வியின் தம்பி சார்லஸ், கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசு அலுவலகங்கள் இருக்கும் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் டைப்ரைட்டர் வைத்து மனு அடித்துக் கொடுப்பவன். பட்டா மாற்றம், விதவை உதவி, வாரிசுச் சான்று எதுவானாலும் எந்த அலுவலகத்தில் எந்த வார்த்தையைப் போட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அவன் படிவத்தை வாங்கிக்கொண்டு சிதம்பரத்துக்கே வந்தான். சாப்பிட உட்காராமல் அதை விரித்துக் காட்டினான்.

"டாக்டர் எழுதிக் குடுத்த பேரு இந்த ஃபாரத்துல இல்ல மாமா" என்றான். "கண்ணு இருக்குது, காது இருக்குது, கை காலு இருக்குது. அப்புறம் மனவளர்ச்சி குன்றியவர்னு ஒண்ணு, மனநோய்னு ஒண்ணு. நம்ம புள்ளைக்கு இருக்கறது எதுவோ அது இல்ல."

வேறொரு சட்டத்தில் ஆட்டிசம் என்ற பெயர் இருப்பதாகவும் விசாரித்திருந்தான். ஆனால் அந்தச் சட்டத்துக்கான சான்றிதழை யார் கொடுப்பார்கள் என்று அவன் கேட்ட எந்த மேசையிலும் பதில் இல்லை. கடைசியில், மனவளர்ச்சி குன்றியவர் என்ற கட்டத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். அதற்கு அறிவுத்திறன் சோதனையில் ஓர் எண்ணுக்குக் கீழே வர வேண்டும்.

மஞ்சக்குப்பத்தில் சோதித்தவர் இளைஞர், பொறுமையானவர். அறை அமைதியாக இருந்தது. வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று குழிவெட்டிய பலகையை எடுத்து வைத்து, எப்படிச் செய்ய வேண்டும் என்று அவர் சொல்ல ஆரம்பிப்பதற்குள் எஸ்தர் எல்லாக் கட்டைகளையும் பொருத்திவிட்டாள். பிறகு எழுந்துபோய்ச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை உரக்கப் படித்தாள். அவள் படிப்பாள் என்று எங்களுக்கே அன்றைக்குத்தான் தெரியும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. 'கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவவும்' என்று பஸ் கண்டக்டரின் குரலில் படித்தாள்.

அந்த இளைஞருக்குச் சந்தோஷம். எண், கோட்டுக்கு மேலே வந்திருந்தது. சான்றிதழுக்குத் தகுதி இல்லை. அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நல்ல சேதிதான சார். அவுங்க ஏன் அழுவுறாங்க?" என்று கேட்டார். செல்வி தாழ்வாரத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாள். திரும்பி வரும்போது அவள் சொன்னாள், நம் பிள்ளை படித்ததற்குச் சந்தோஷப்படக்கூட முடியாதபடி ஆகிவிட்டதே என்று.

4

இப்போது நியூ ஜெர்சியில் சனிக்கிழமைதோறும் எஸ்தரை ஒரு பயிற்சி நிலையத்துக்கு அழைத்துப் போகிறேன். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரைவரை. மற்ற பெற்றோரோடு காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருப்பேன். முன்பெல்லாம் அவரவர் கணினியில் வேலை பார்த்துக்கொண்டிருப்போம். இந்த வருடம் எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். யாருக்கு எந்தப் பெயர், அந்தப் பெயர் நிற்குமா போகுமா, போனால் காப்பீட்டு நிறுவனம் என்ன சொல்லும் என்று பேச்சு. ஒருவர் அந்தப் புதிய வரையறையை அச்செடுத்துவந்து, தன் மகனுக்குப் பொருந்தும் வரிகளைப் பச்சை நிறத்தில் கோடிட்டு வைத்திருந்தார். பச்சை போதவில்லை என்பது அவர் கவலை.

குஜராத்திலிருந்து வந்த ஓர் அம்மா என்னிடம் அன்பாகப் பேசுவார். அவருடைய மகன் போன வருடம் இந்த மறுசோதனையைத் தாண்டியவன். எஸ்தருக்கு வரப்போகிறது என்றதும், பக்கத்தில் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவளுடைய நல்ல நாட்களைப் பற்றிப் பேசாதீர்கள், மோசமான நாளை மட்டும் சொல்லுங்கள். முதல்நாள் அவள் சரியாகத் தூங்காவிட்டால் நல்லது. காலையில் அவளுக்குப் பிடிக்காத சட்டையைப் போட்டுவிடுங்கள். எல்லோரும் செய்வதுதான், தப்பாக நினைக்காதீர்கள் என்றார்.

நான் நன்றி சொன்னேன். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். இதே யோசனையை ஆறு வருடத்துக்கு முன் மஞ்சக்குப்பத்தில் கேட்டிருக்கிறேன். கேட்டு, அதன்படி செய்தும் இருக்கிறேன்.

5

அப்போது அதைச் சொன்னவன் சார்லஸ். முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. நிலையம் கொடுத்த அவகாசத்தில் பாதி போய்விட்டது. மாவட்டத்தில் எல்லோருக்கும் பொதுவாகச் சான்றிதழ் கொடுக்கும் முகாம் ஒன்று நடக்கப்போவதாக அவன் கேள்விப்பட்டான்.

"ரூம்ல தனியா வச்சுப் பாத்தா அவ நல்லாதான் செய்வா" என்றான். "கேம்புல கூட்டம் ஜாஸ்தி. மைக்கு வச்சிருப்பாங்க. அங்க கூட்டிட்டு வாங்க. அந்தக் குல்லாவ மட்டும் போடாதீங்க மாமா."

எஸ்தர் அந்த வயதில் எப்போதும் ஒரு கம்பளிக் குல்லா போட்டிருப்பாள். சிதம்பரத்து வெயிலில் கம்பளிக் குல்லாவோடு ஒரு பிள்ளை போவதைத் தெருவே திரும்பிப் பார்க்கும். அது காதை மூடியிருந்தால்தான் அவள் வெளியே வருவாள். பஸ்ஸில் வருவதற்கு அது வேண்டும். ஆகவே கடலூர்வரை போட்டுக் கூட்டிவந்தோம். முகாம் நடந்த மண்டபத்தின் படியில் ஏறும்போது நான்தான் அதை அவள் தலையிலிருந்து எடுத்து என் பைக்குள் வைத்தேன். செல்வி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டு மணிக்குப் போனோம். எங்கள் எண் வரும்போது மணி ஒன்று. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இடம் பார்த்து உட்கார்ந்தது தற்செயலாக அல்ல. முதலில் அவள் அழவில்லை. இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு என் பையைப் பார்த்தாள். குல்லா எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். கையைக் காதிலிருந்து எடுத்தால்தான் பையைத் திறக்க முடியும், எடுத்தால் சத்தம் உள்ளே வரும். அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஒன்பதரை மணிக்கு மேல் அலற ஆரம்பித்தாள். தன் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டாள். செல்வி எழுந்து, போய்விடலாம் என்றாள். நான் இன்னும் கொஞ்ச நேரம் என்றேன். அதற்குப் பிறகும் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தோம்.

உள்ளே போனபோது யாரும் எதையும் சோதிக்க முடியவில்லை. மேசையில் இருந்தவர் ஒரே பார்வை பார்த்துவிட்டு எழுதினார். மனவளர்ச்சி குன்றியவர். சதவீதம், முத்திரை, கையெழுத்து. ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

வெளியே வந்து குல்லாவைப் போட்டுவிட்டேன். காலையிலிருந்து எங்களோடு காத்திருந்த சார்லஸ் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தான். எங்களைப் பஸ் ஏற்றிவிட வரவில்லை.

6

அந்தக் காகிதத்தால் நிலையத்தில் இடம் கிடைத்தது. அடுத்த ஒரு வருடத்தில் எஸ்தர் நன்றாகப் பேச ஆரம்பித்தாள். இந்த அளவுக்கு அது நன்மைதான். அதை நான் மறைக்கப் போவதில்லை.

2007-இல் சிதம்பரத்தில் ஒரு சின்னப் பள்ளியின் தலைமையாசிரியை அவளைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். எஸ்தர் அவர் மேசைமேல் இருந்த நாட்காட்டியைப் படித்துக் காட்டியிருந்தாள். அவருக்கு அவளைப் பிடித்துவிட்டது. பழைய காகிதங்கள் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனோம். சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இப்பிடிப் போட்டிருக்கே சார்" என்றார். அது அப்படி இல்லை என்று நான் விளக்கினேன். அப்படி இல்லையென்றால் ஏன் அப்படி வாங்கினீர்கள் என்று கேட்டார். அவர் எஸ்தரை மறுபடி எதையும் படிக்கச் சொல்லவில்லை. சேர்த்துக்கொள்ளவும் இல்லை.

அடுத்த வருடம் எனக்கு இங்கே வேலை கிடைத்து, 2008 கடைசியில் வந்து சேர்ந்தோம். பள்ளியில் முதல் நேர்காணல். எனக்கு எழுதும் ஆங்கிலம் வரும், பேசும் ஆங்கிலம் கொஞ்சம் தாமதிக்கும். செல்விக்குத் தயக்கம் இல்லை. வீட்டில் எஸ்தர் எப்படி என்று கேட்டதும், கேட்டதையே கேட்டுக்கேட்டு என் தலையைத் தின்கிறாள் என்பதை அப்படியே வார்த்தைக்கு வார்த்தை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். எதிரே இருந்தவர் பேனாவை நிறுத்தினார். மற்றவர்களையும் கடிப்பாளா என்று கவலையோடு கேட்டார். நான் குறுக்கிட்டு விளக்குவதற்குள் அது குறிப்பில் ஏறிவிட்டது. அந்த வரியை நீக்க ஏழு மாதம் ஆயிற்று. இப்போது நினைத்தாலும் செல்வி சிரிப்பாள்.

பள்ளிக்காரர்களும் அவர்கள் அனுப்பிய மருத்துவரும் மூன்று நாள் பார்த்துவிட்டு, நான் முதலில் சொன்ன அந்த நீளமான பெயரை எழுதினார்கள். அந்தப் பெயரால் எல்லாம் கிடைத்தது. கடலூர்ச் சான்றிதழை யாரும் கேட்கவில்லை. அது பீரோவின் அடியில் இருக்கிறது.

நான்கு வருடத்தில் எஸ்தர் இங்கத்துப் பிள்ளையாகிவிட்டாள். நாங்கள் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். சார்லஸிடம் பேசும்போது மட்டும் தமிழ். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் ஊருக்குப் போன் போட்டால், அவள் அவனிடம் கேட்பது ஒரே கேள்விதான்.

"மாமா, இன்னைக்கு எத்தன மனு?"

"ஞாயித்துக்கெழம லீவும்மா."

வாராவாரம் இதே கேள்வி, இதே பதில். இரண்டு பேருக்கும் இதில் சலிப்பே கிடையாது.

7

மார்ச் முதல் வாரம் சார்லஸிடம் மறுசோதனையைப் பற்றிச் சொன்னேன். காத்திருக்கும் அறையில் கேட்ட யோசனையையும் சொன்னேன்.

"அன்னைக்கு நான் சொன்னத இப்பயும் செஞ்சிறாதீங்க மாமா" என்றான். "அந்தப் புள்ள உங்க பையயே பாத்துக்கிட்டு இருந்துச்சு. எனக்கு அது போவவே மாட்டேங்குது."

பிறகு அவனாகவே ஒன்றைச் சொன்னான். அதன்பின் இப்படிப்பட்ட பிள்ளையோடு யார் மனு அடிக்க வந்தாலும், மருத்துவர் எழுதிய பெயரையே போட்டு அடிக்கிறானாம். ஆட்டிசம் என்று. சில மனுக்கள் திரும்பி வருகின்றன. திருப்பி அடித்துக் கொடுக்கிறான்.

"திருப்பி அனுப்பட்டும் மாமா. அந்த வார்த்தைய பாத்துப் பாத்துப் பழகட்டும்" என்றான்.

செல்வியும் நானும் அதிகம் பேசிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. போவதென்றால் நன்றாகத் தூங்கி எழுந்து, பிடித்த சட்டையோடு போகட்டும் என்றாள். இருப்பது போனால் போகட்டும் என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கும் பயம்தான். இரண்டு நாளாகச் சாதத்தில் உப்புப் போட மறந்துகொண்டிருந்தாள்.

எஸ்தரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சனிக்கிழமை காரில் போகும்போது சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்துப் பேசினால் அவளுக்குப் பிடிக்காது. கார்தான் வசதி. உனக்கு ஐந்து வயதில், ஒரு காகிதம் வாங்குவதற்காக, உனக்கு வலிக்கும் என்று தெரிந்தே உன் குல்லாவை எடுத்து ஒளித்துவைத்தேன் என்று தமிழிலேயே சொன்னேன்.

"எவ்ளோ நேரம்?" என்று கேட்டாள். அவளும் தமிழில்தான் கேட்டாள்.

"காலையில எட்டுலேருந்து ஒரு மணி வரைக்கும்."

"அஞ்சு மணி நேரம்" என்றாள். இரண்டு சிக்னல்களைத் தாண்டினோம். "எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா இனிமே செய்யாதீங்கப்பா."

செய்யமாட்டேன் என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சோதனை இரண்டு நாள் நடந்தது. ஏப்ரலில் எங்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். நீள மேசை, ஆறு பேர். எஸ்தரையும் கூட்டிப் போனோம். அவளுடைய எண்களை வாசித்தார்கள். எல்லாம் உயர்ந்திருந்தன. கணக்கு, படிப்பு, கேள்விக்குப் பதில், கண்ணைப் பார்ப்பதுகூட. ஆட்டிசம் என்ற தலைப்பின்கீழ் இவளைத் தொடர்ந்து வைத்திருக்க முடியாது என்று நினைக்கிறோம் என்றார் சோதித்த பெண்மணி. நல்லவர், எஸ்தரிடம் இரண்டு நாளும் அன்பாக இருந்தவர். இதைச் சொல்லும்போது புன்னகைத்தார். மஞ்சக்குப்பத்து இளைஞரின் அதே சந்தோஷம். செல்வி மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்தாள்.

பிறகு அவர் எஸ்தரிடம் திரும்பி, பள்ளியில் உனக்குச் சிரமமாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். மரியாதைக்குக் கேட்டது போலத்தான் இருந்தது. எஸ்தர் மேசையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள். சாப்பாட்டுக் கூடத்தில் நான் சாப்பிடுவதில்லை. அங்கே எல்லோரும் பேசுவது ஒரே சத்தமாக வருகிறது. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு மேலே இருக்கும் குழாய்களின் இணைப்புகளை எண்ணுவேன். நாற்பத்தாறு. உதவி டீச்சர் பார்த்தால் சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்வேன். பிறகு டப்பாவில் இருப்பதைக் கொட்டிவிடுவேன்.

காலி டப்பாவைத் தினமும் கழுவி வைப்பவள் செல்வி. அவளுக்கும் இது தெரியாது. எனக்கும் தெரியாது. ஆறு பேர் எழுதியிருந்த எந்தக் காகிதத்திலும் அது இல்லை. அந்தப் பெண்மணி தன் காகிதங்களை மூடி வைத்துவிட்டு, நீ எங்கே சாப்பிட விரும்புகிறாய் என்று கேட்டார். இந்தத் தடவை பதிலுக்காகக் கேட்டார்.

முடிவில் நடந்தது இதுதான். தலைப்பு மாறிற்று. 'தொடர்புத் திறனில் குறை' என்று வேறொரு கட்டத்தில் எஸ்தரை எழுதினார்கள். வேன் நின்றது. பக்கத்தில் உட்காரும் உதவியாளரும் ஜூனோடு நின்றார். பேச்சுப் பயிற்சி பாதியாயிற்று. நூலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய அறையில் சாப்பிடலாம் என்று புதிதாக ஒரு வரி சேர்ந்தது. சனிக்கிழமைப் பயிற்சிக்குப் பணம் கொடுப்பது காப்பீடு, அது இங்குள்ள மருத்துவர் எழுதும் பெயரைப் பொறுத்தது. கையேடு வரும்வரை பழைய பெயர் இருக்கும், வந்த பிறகு தனக்கும் தெரியாது என்றார் மருத்துவர். அந்தச் சிறிய அறைக்குப் போன முதல் வாரத்தில் ஒருநாள் எஸ்தர் சாப்பாட்டு டப்பாவைச் செல்வியிடம் கொடுத்து, இன்றைக்கு நானே சாப்பிட்டேன், ஆனால் புளிசாதம் வேண்டாம், வாசனை புத்தகத்துக்குப் போகிறது என்றாள்.

8

ஜூலையில் ஊருக்குப் போனோம். தானே புயல் அடித்து ஆறு மாதம் ஆகியும் கடலூர் மொட்டையாகத்தான் நின்றது. சார்லஸின் வேப்பமரம் போய்விட்டது. நான்கு கம்பு நட்டுத் தகரம் போட்டு, அதன்கீழே உட்கார்ந்திருந்தான். எதிரே இருந்த அலுவலகத்தின் பலகையில் ஊனமுற்றோர் என்பதை மாற்றி மாற்றுத் திறனாளிகள் என்று எழுதியிருந்தார்கள். உள்ளே படிவமும் மாறிவிட்டதா என்று கேட்டேன். பலகைதான் மாறியிருக்கிறது என்றான்.

எஸ்தருக்கு அவன் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. எத்தனை மனு என்று அவளே எண்ணினாள். பதினொரு மணிக்கு எட்டு. ஒன்பதாவதாக ஓர் இளம்பெண் வந்தாள். பண்ருட்டிப் பக்கம். இடுப்பில் நான்கு வயதுப் பெண் குழந்தை. மருத்துவர் எழுதிய சீட்டை நான்காக மடித்து பர்ஸுக்குள் வைத்திருந்தாள். சார்லஸ் அதை வாங்கிப் படித்துவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தான். தாளைச் செருகி அடிக்க ஆரம்பித்தான்.

குழந்தை உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அலறியது. தகரத்துக்கடியில் டைப்ரைட்டர் சத்தம் இரண்டு மடங்காகக் கேட்டது. அந்தப் பெண் குழந்தையின் முதுகைத் தட்டினாள், பிஸ்கட் கொடுத்தாள், எல்லோரும் பார்க்கிறார்கள் என்று கெஞ்சினாள். பக்கத்தில் நின்ற ஒருவர், ஒரு அடி போட்டால் சரியாகிவிடும் என்றார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. என்னைப் படித்தவர் என்று நினைத்தோ என்னவோ, "இது சரியாயிடுங்களா சார்?" என்று கேட்டாள்.

எஸ்தர் எழுந்தாள். குழந்தையைப் பார்க்கவில்லை, அதன் தாயையும் பார்க்கவில்லை. நேராகப் போய் டைப்ரைட்டர்மேல் கையை வைத்தாள்.

"மாமா, அடிக்காதீங்க. அவளுக்கு வலிக்குது."

சார்லஸ் விரல்களை எடுத்துவிட்டான். அலறல் உடனே நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேய்ந்தது. அவன் தாளை உருவி எடுத்தான். பெட்டியில் தேடிப் பேனாவை எடுத்து, கையாலேயே எழுத ஆரம்பித்தான். இருபது வருடமாக டைப் அடித்தவனின் கையெழுத்து பள்ளிப் பிள்ளையினுடையது போல இருந்தது. மூன்று பக்கம் வந்தது. எழுதி முடிக்கும்வரை எஸ்தர் தரையில் உட்கார்ந்திருந்தாள். தாயின் இடுப்பிலிருந்து இறங்கிய குழந்தையும் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. இருவரும் நிம்மதியாக இருந்தார்கள்.